வெளிநோயாளர் சீட்டில் ஒரு கேள்வி

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 இப்படிப்பட்ட கூட்டங்களில் வழக்கமாகப் புதிய கட்டடத்தைப் பற்றியோ, வாங்கவேண்டிய கருவியைப் பற்றியோ உங்களோடு பேசுவோம். இந்த முறை பேசப்போவது ஒரு கேள்வியைப் பற்றி. அதற்கு மின்சாரம் வேண்டாம், பழுதுபார்க்கச் சென்னையிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. ஆனாலும் அதைச் சரியாகக் கேட்பதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவுக்குக் கடைசியில் வருகிறோம்.

நம் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆனால் போதும், ஆலய வாசலிலும் பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும், “என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, பிரியத்தினால்தான் கேட்கிறார்கள். ஆனால் சற்று கவனித்துப் பாருங்கள். அந்தக் கேள்வி அவளுடைய வயிற்றைப் பற்றியது, அவளைப் பற்றியது அல்ல. உனக்கு இப்போது குழந்தை வேண்டுமா, இன்னும் கொஞ்ச காலம் போகட்டும் என்று நினைக்கிறாயா, உன் உடம்பு அதற்கு ஆயத்தமாக இருக்கிறதா என்று அவளிடத்தில் கேட்க ஊரிலே ஆள் இல்லை.

அதைத்தான் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் கேட்கிறோம். பிரசவ வார்டில் அல்ல. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவரிடம், இருமலுக்கு வந்தவரிடம், தோல் அரிப்புக்கு வந்தவரிடம் கேட்கிறோம். எடை பார்த்து, பிரஷர் பார்த்து எழுதுகிற அதே இடத்தில், “வருகிற ஒரு வருஷத்துக்குள் குழந்தை வேண்டும் என்று நினைக்கிறீர்களா அம்மா?” என்று சிஸ்டர் கேட்கிறார். கேட்டதும் அநேகர் திகைக்கிறார்கள். “நான் தலைவலிக்குத்தானே வந்தேன், இது எதுக்கு சிஸ்டர்?” என்கிறார்கள். நியாயமான கேள்வி. உங்களுக்கும் அதே சந்தேகம் இருக்கும்.

தாயின் வயிற்றில் குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் ஒரு சிறு குழாயாகத்தான் தொடங்குகின்றன. கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாட்களுக்குள் அந்தக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் போனால் முதுகிலே பிளவோடு பிள்ளை பிறக்கிறது. தலைப்பக்கம் மூடாமற்போனால் பிழைப்பதில்லை. இப்போது நாட்கணக்குப் போட்டுப் பாருங்கள். கரு உண்டாகி இரண்டு வாரம் கழித்துத்தான் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போகிறது. “போன மாதமும் இரண்டு நாள் தள்ளித்தானே வந்தது” என்று ஒரு வாரம் பொறுத்திருப்பார். பிறகு வீட்டில் சொல்லி, யாராவது கூட்டிக்கொண்டு வர இன்னும் சில வாரம் ஆகிவிடும். நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்காகக் கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு, அநேகருக்குப் பிரயோஜனமாயிருக்கிறது. ஆனால் 12 வாரத்துக்குள் அந்தக் குழாயின் கதை முடிந்து வெகு நாளாகிவிடும். இருதயத்துக்கும் உருவம் வந்துவிட்டிருக்கும்.

அந்தப் பிளவைப் பெருமளவு தடுக்க ஒரு வைட்டமின் மாத்திரை போதும் என்பது 1991-லேயே நிரூபணமாயிற்று. ஏழு நாடுகளில் 33 மையங்களில், முன்பு அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற தாய்மாரை வைத்துச் செய்த ஆராய்ச்சி அது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்னிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்கு மறுபடியும் அப்படி நேர்வது நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் குறைந்தது. “முன்னிருந்தே” என்ற வார்த்தையில்தான் காரியம் இருக்கிறது. கர்ப்பமான பிறகு கொடுக்கிற மாத்திரை வீண் அல்ல, ஆனால் இந்த ஒரு காரியத்துக்கு அது பிந்திப் போய்ச் சேர்கிறது. குழந்தை வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்கு முன்கூட்டித் தெரிந்தால் அல்லவா அதைக் கொடுக்க முடியும்!

இது மாத்திரைக்குச் சொன்னது. இனி நாங்களே எழுதிக் கொடுக்கிற மருந்துகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

வலிப்பு நோய்க்கு சோடியம் வால்ப்ரோயேட் என்று ஒரு மருந்து உண்டு. நல்ல மருந்து, வலிப்பைக் கட்டுப்படுத்துவதில் அதற்கு இணையாகச் சிலவே உண்டு. ஆனால் கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் நூற்றில் பத்துக் குழந்தைகள் வரைக்கும் அங்கக் குறையோடு பிறக்கின்றன. முப்பது நாற்பது பேருக்குப் பேச்சிலோ படிப்பிலோ வளர்ச்சியிலோ தாமதம் காணப்படுகிறது. இதற்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய, ஆபத்துக் குறைந்த மருந்துகள் இருக்கின்றன. ஆனால் ஒரு நாளில் மாற்ற முடியாது. ஒன்றைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மற்றதைச் சிறிது சிறிதாகக் குறைக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் கர்ப்பம் தரிக்காதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்து பயந்துபோய்த் தானாக மாத்திரையை நிறுத்தினாலோ, வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் உயிருக்கே மோசம்.

இந்த நோயைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் குடும்பங்களில் இதற்குள்ளே ஒரு இரகசியம் இருக்கிறது. பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்பதை மாப்பிள்ளை வீட்டாருக்கு மறைத்துக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். கல்யாணத்தைச் செல்லாததாக்க வலிப்பு நோயைக் காரணம் காட்டலாம் என்றிருந்த சட்டம் 1999-ல்தான் திருத்தப்பட்டது. சட்டம் மாறியது, பயம் மாறவில்லை. எங்களிடத்தில் மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்த ஒரு இளம்பெண், கல்யாணத்துக்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாய் வீட்டுக்கு வருகிற சாக்கில் வந்து வாங்கிப்போவார். தாயார் கூடவே இருப்பார். பதில் எல்லாம் தாயார்தான் சொல்வார். ஒரு நாள் எடை பார்க்கிற திரைக்குப் பின்னால் சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, அந்தப் பெண் வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சீக்கிரம் வேணும்னு அத்தை சொல்றாங்க சிஸ்டர். அதனால மாத்திரையைப் பாதிதான் போடுறேன். அங்கே போடும்போது தலைவலி மாத்திரைன்னு சொல்லுவேன்.” எத்தனையோ தடவை வந்து போனவர். “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?” என்று கேட்டபோதெல்லாம் தாயார் “ஆமாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு மருந்தை மாற்ற ஐந்து மாதம் ஆயிற்று. கணவரை ஒரு நாள் அழைத்து வரச் சொல்லி, அந்தப் பெண்ணே அவரிடம் சொல்லும்படி துணையாக நின்றோம். அது சுலபமாக நடக்கவில்லை. சில வாரங்கள் அவர் தாய் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. பிறகு கணவரே வந்து கூட்டிப்போனார்.

எல்லாருடைய காரியமும் இப்படி முடிவதில்லை. சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இருதய வால்வு சுருங்கிப்போன பெண்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். வயல் வேலைக்குப் போகும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். “இரத்தம் இல்லை” என்று தாங்களே முடிவுகட்டிக்கொள்வார்கள். கர்ப்பத்தில் உடம்பிலுள்ள இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதிக்குப் பாதி கூடுகிறது. சுருங்கின வால்வு அத்தனை இரத்தத்தை எப்படி அனுப்பும்? ஆறாம், ஏழாம் மாதத்தில் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே இரவைக் கழித்து வந்து சேர்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் பலூன் வைத்து வால்வை விரித்துவிட்டு, பிறகு பிள்ளை பெறச் சொல்லியிருக்கலாம். ஆகையால் மூச்சு வாங்குகிறது என்று வருகிற இளம்பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, “ஆமாம், குழந்தைக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று பதில் வந்தால், அன்றைக்கே எக்கோ எடுத்துவிடுகிறோம். அடுத்த மாதம் பார்ப்போம் என்று விடுவதில்லை.

சர்க்கரை நோயிலும் இதே கதைதான். முதல் எட்டு வாரத்தில் குழந்தையின் உறுப்புகள் உருவாகும்போது தாயின் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இருதயக் கோளாறும் கருச்சிதைவும் அதிகம். மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையில் ஆறரைக்குக் கீழே கொண்டுவந்த பிறகு கர்ப்பம் தரிப்பது நல்லது. பத்துக்கு மேல் இருந்தால் பொறுத்திருங்கள் என்றே கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பிரஷருக்குக் கொடுக்கிற எனாலப்ரில் போன்ற மாத்திரைகளையும் முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும்.

நமது மருத்துவமனைகள் தொழுநோயாளிகளைப் பராமரித்து வந்தவை என்பது உங்களுக்குத் தெரியும். தாலிடோமைடு என்ற மருந்தின் பேரைப் பெரியவர்கள் கேட்டிருப்பீர்கள். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கென்று விற்கத் தொடங்கி, கர்ப்பிணிகளின் வாந்திக்கும் கொடுத்து, கைகால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்த பிறகு 1961-ல் விற்பனையை நிறுத்தினார்கள். அதே மருந்துதான் தொழுநோயில் வருகிற ஒருவகைக் கடும் எதிர்வினைக்கு அற்புதமாக வேலை செய்கிறது என்று 1960-களின் நடுவில் தெரியவந்தது. ஒரே மாத்திரை ஒருவருடைய வேதனையைத் தீர்க்கிறது, இன்னொருவருடைய பிள்ளையை முடமாக்குகிறது. கேட்காமல் எப்படிக் கொடுப்பது?

“வேண்டாம்” என்கிற பதிலும் எங்களுக்கு அதே அளவு முக்கியம். காசநோய்க்கு ஆறு மாதம் சிகிச்சை எடுக்கிற ஒரு தாயார், இரண்டு பிள்ளைகள் போதும் என்று மாலா-டி மாத்திரை சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசநோய் மருந்தாகிய ரிஃபாம்பிசின், அந்தக் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடுகிறது. அவர் ஒருநாளும் தவறாமல் சாப்பிட்டும் நாள் தள்ளிப்போகும். வீட்டிலே சந்தேகம் எழும்பும். அவர் இரண்டு மாத்திரைகளையும் இரண்டு இடத்தில் வாங்குகிறார். ஒரு இடத்துக்கு மற்றது தெரியாது. ஒரு கேள்வி கேட்டால் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம் என்றோ, ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றோ சொல்லிவிடலாம். வலிப்புக்குக் கொடுக்கிற சில பழைய மருந்துகளும் இப்படியே செய்கின்றன.

இந்தக் கேள்வி நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. கர்ப்பத்துக்கு முன்னான பராமரிப்பு ஒவ்வொரு சாதாரண மருத்துவச் சந்திப்பிலும் இடம்பெறவேண்டும் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2006-ல் பரிந்துரைத்தது. அங்கே ஓரிகன் மாநிலத்தில் அதை ஒரே கேள்வியாகச் சுருக்கி, ஆம், இல்லை, தெரியவில்லை, எப்படியானாலும் சரி என்று நான்கு பதிலுக்கும் இடம் வைத்தார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்தது அந்த நான்காவது பதில்தான். நம் ஊர்ப் பெண்களிடம் “திட்டம் போட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டால் சிரிப்பார்கள். திட்டம் என்பது வீடு கட்டுவதற்கு. “ஆண்டவர் கொடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறோம்?” என்பார்கள். இதை “ஆம்” என்று எழுதுவதும் தப்பு, “இல்லை” என்று எழுதுவதும் தப்பு. இப்படிச் சொல்கிறவருக்கும் அந்த ஃபோலிக் அமிலம் வேண்டும், ஆபத்தில்லாத மருந்து வேண்டும். நான்கு கட்டம் உள்ள ரப்பர் முத்திரை ஒன்று செய்து சீட்டிலே பதிக்கிறோம்.

ஆதரவாளர்களில் சிலர், மருத்துவமனை குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் செய்கிறதோ என்று கேட்டிருக்கிறார்கள். வருத்தப்பட்டுக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டோம். அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. 1975 முதல் 1977 வரைக்கும் நாட்டில் நடந்ததைப் பெரியவர்கள் மறக்கவில்லை. அதற்குப் பின்னும், இத்தனை ஆபரேஷன் என்று ஊழியர்களுக்கு இலக்கு வைக்கிற வழக்கம் 1996 வரைக்கும் இருந்தது. இலக்கு வைத்துக் கேட்கிறவர் பதிலுக்காகக் கேட்பதில்லை. எங்கள் சீட்டில் எந்தக் கட்டத்தில் டிக் விழவேண்டும் என்று எங்களுக்கு ஆசை கிடையாது. உண்மையில் இப்போது தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 1.8 என்று வந்தது. ஒருவர் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ தடவை மட்டும் நடக்கிற காரியம், நல்லபடியாக நடக்கட்டும் என்பதே எங்கள் கவலை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லாதவரிடம் இந்தக் கேள்வி ஊசிபோலக் குத்தும். அன்னாள் ஆலயத்தில் சத்தமில்லாமல் ஜெபித்தபோது, ஏலி அவளை வெறித்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டார். விசாரிப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்! மருத்துவமனையிலும் அது நடக்கக்கூடும். ஆகையால், “உங்களிடம் குழந்தையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாமா? வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம்” என்று முதலில் அனுமதி கேட்கச் சிஸ்டர்மாருக்குப் பழக்கியிருக்கிறோம். ஆபரேஷன் முடிந்தவர்கள், கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்கள் சீட்டில் அதைக் குறித்துவைத்துவிட்டால் மறுபடியும் அவர்களைக் கேட்கவேண்டியதில்லை. அழுகிறவர்களுக்கு அன்று மருந்தைவிட உட்காருவதற்கு ஒரு இடம்தான் வேண்டியிருக்கிறது.

இடம் என்றதும் செலவுக்கு வருகிறோம். இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்க முடியாது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் மாமியாருடைய பதில்தான் கிடைக்கும். கணவர் நின்றால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். மூன்றாவது பெண் குழந்தைக்குப் பிறகு, ஆண் பிள்ளை வேண்டும் என்று வீட்டார் நெருக்குகிற ஒரு தாய், எல்லார் முன்னிலையிலும் வேறு என்ன சொல்லுவார்? 1900-ல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய நாளிலிருந்து, பெண்ணிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்பது நம் மிஷன் மருத்துவமனைகள் அறிந்த பாடம். கூடவே ஒரு கதவும் வேண்டும். இப்போது எடை பார்க்கிற இடத்தில் ஒரு பச்சைத் திரைதான் இருக்கிறது. அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். பலகைத் தடுப்பு வைத்து இரண்டு சிறு அறைகள் வேண்டும். காலை நேரத்தில் இதற்கென்றே ஒரு சிஸ்டர் வேண்டும். எடையும் பிரஷரும் பார்க்கிறவரே இதையும் செய்தால் வரிசை வாசல்வரை நீண்டுவிடுகிறது, அவசரத்தில் கேட்ட கேள்விக்கு அவசரப் பதில்தான் வரும். ஃபோலிக் அமில மாத்திரையின் விலை உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், அதற்காக உங்களைத் தொந்தரவு செய்யமாட்டோம்.

பணம் தவிர, சபைகள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஞாயிறு ஆராதனையில் மூன்று வாரம் ஓலை வாசிக்கிறோம். அந்த மூன்று வாரத்தில் அழைப்பிதழ், பந்தி, பட்டு எல்லாவற்றையும் பேசுகிற நாம், மணப்பெண் சாப்பிடுகிற மருந்துகளைப் பற்றிப் பேசுவதில்லை. திருமண ஆயத்த வகுப்பில் ஒரு மணி நேரம் எங்கள் சிஸ்டருக்குக் கொடுங்கள். மாப்பிள்ளையும் இருக்கட்டும், ஆண்களிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை என்பதுபோலத்தான் அவர்கள் முழிக்கிறார்கள். இருதயத்துக்கோ வலிப்புக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுகிற பெண் எவளாயிருந்தாலும், தேதி குறிப்பதற்கு முன்பே எங்களிடம் ஒருமுறை வரட்டும். ஓய்வுபெற்ற செவிலியர்கள் உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருந்தால், வாரத்தில் ஒரு காலை நேரம் எங்களுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வெளியே மேசையில் அந்த முத்திரை பதித்த சீட்டின் மாதிரியும், பெயர் எழுதிக்கொடுக்க ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம்.